கேலா லில்லி இலையில் வெள்ளைப் படிவு: சாம்பல் நோயா, உப்பா?

மொட்டைமாடி:
வேளச்சேரி, கிழக்கு பார்த்த பால்கனி. 10 அங்குலத் தொட்டியில் கேலா லில்லி. இலையெல்லாம் வெள்ளைத் திட்டு, நுனியிலும் ஓரத்திலும் அதிகம். போர் தண்ணீரைப் பூவாளியில் இலை மேலேயே ஊற்றுகிறோம். நர்சரியில் சாம்பல் நோய் என்று சொல்லி நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் பூஞ்சைக்கொல்லி) கொடுத்தார்கள். அடித்தபின் வெள்ளை இன்னும் கூடியிருக்கிறது. என்ன செய்யலாம்?

ஈரமண்:
முதலில் கந்தகத்தை நிறுத்துங்க. அந்த மருந்தே காய்ந்தால் இலையில் வெளிறிய பூச்சாகப் படியும். கூடினது அதுவாகவும் இருக்கலாம். போதாததற்கு, 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போது அடித்தால் இலை கருகும்.

சாம்பல் நோய் என்றால் உலர்ந்த விரலால் தேய்த்தாலே மாவு மாதிரி வந்துவிடும், சில நாளில் அதே இடத்தில் வட்டமாகத் திரும்பப் பிடிக்கும். உப்பு அப்படி வராது, சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு திட்டின் மேல் ஒரு சொட்டு வெள்ளை வினிகர் விட்டு இரண்டு நிமிடம் பாருங்க. கரைந்தால் சுண்ணாம்பு உப்பு. மெல்லிய படிவு நுரைக்காமலே கரையும், அதனால் நுரை வரவில்லையே என்று விட்டுவிடாதீங்க.

நுனியில் அதிகம் என்பதற்குக் காரணம் இருக்கு. மண்ணும் காற்றும் ஈரமாக இருக்கிற இரவில் கேலா லில்லி இலை நுனி வழியாக நீரைச் சொட்டவிடும். விடிந்ததும் நீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த உப்பு தங்கிவிடும். இலைமேல் தண்ணீரே படாவிட்டாலும் இது நடக்கும்.

துடைக்க: 1 பங்கு வினிகருக்கு 4 பங்கு நல்ல தண்ணீர். மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, இலையின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, காம்பிலிருந்து நுனி நோக்கி ஒரே வாட்டமாகத் துடைங்க. உடனே வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. அழுத்தித் தேய்த்தால் மேலுள்ள மெழுகுப் பூச்சு போய்விடும். பளபளப்புக்காக எண்ணெய், பால் எதுவும் வேண்டாம்.

வேர்முடிச்சு:
உப்பு என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இலைக்காம்பு தண்டைத் தழுவும் இடுக்கைப் பிரித்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பஞ்சு போல இருந்து, பிசுபிசுப்பும் எறும்பும் சேர்ந்திருந்தால் அது மாவுப்பூச்சி. இன்னொன்று: சில கலர் ரகங்களுக்கு இலையிலேயே வெள்ளைப் புள்ளி உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும். அதைத் துடைத்துப் பயனில்லை.

மொட்டைமாடி:
வினிகரில் கரைந்தது. ஆனால் இரண்டு இடுக்கில் பஞ்சும் இருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. மண்ணின் மேலும் வெள்ளை ஏடு. தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று ஆர்.ஓ. கழிவு நீரையும் ஊற்றுவதுண்டு.

வேர்முடிச்சு:
பஞ்சுக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். 7 நாள் இடைவெளியில் மூன்று முறை, ஏனெனில் முட்டைகள் தப்பும். கந்தகம் அடித்து 2 வாரம் ஆகும்வரை வேப்பெண்ணெய் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். அதன்பிறகும் பூச்சி இருந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 மி.லி. காதி சோப்புக் கரைசல், மாலையில். எறும்பை விரட்டாமல் மாவுப்பூச்சி போகாது.

ஈரமண்:
ஆர்.ஓ. கழிவு நீர் வேண்டவே வேண்டாம். வடிகட்டியில் தடுக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் வருது. தரை துடைக்க வச்சுக்கோங்க. குடிநீருக்கே டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மி.கி. தான் ஏற்கத்தக்க வரம்பு, நம்ம பக்கம் பல போர்களில் அதைத் தாண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டுற தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. பிடிச்சு வச்சால் ஒரு தொட்டிக்குத் தாராளம். மழை நீரும் சரி.

மேல் மண்ணை 2 செ.மீ. சுரண்டிப் புது மண்கலவை போடுங்க. பிறகு தொட்டி அளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது 15 முதல் 20 லிட்டர் நல்ல தண்ணீரைக் காலையில் நிதானமாக ஊற்றி வடியவிடுங்க. வடிகால் துளை அடைத்திருந்தால் இதைச் செய்யாதீங்க, கிழங்கு அழுகி நாறும். அப்படியானால் மண்ணையே மாத்துறது நல்லது. தட்டில் தேங்கினதைக் கொட்டிடுங்க. இனிமேல் தண்ணீர் மண்ணுக்கு மட்டும், அதுவும் மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு.

துடைக்கும்போது கையுறை போடுங்க. சாறு தோலில் அரிக்கும், குழந்தையோ நாயோ இலையைக் கடித்தால் வாய் வீங்கும். வெட்டின இலையை எட்டாத குப்பைத்தொட்டியில் போடுங்க.