எதிர்மறைப் பின்னூட்டத்தைத் திருத்துவது முறையா?

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ஈபே (eBay) என்னும் இணைய விற்பனைத் தளத்தில் ஒரு பழைய மைப்பேனா வாங்கினேன். படத்தில் தெரியாத மயிரிழை விரிசல் ஒன்று அதன் மூடி விளிம்பில் இருந்ததைக் கண்டதும், விற்றவருக்கு ஒரு வரிகூட எழுதிக் கேட்காமல் எதிர்மறைப் பின்னூட்டம் இட்டுவிட்டேன். அது என் அவசரம்தான். மறுநாளே அவர் வருத்தம் தெரிவித்து, பேனாவைத் திருப்பி அனுப்பச் சொல்லாமலேயே முழுத் தொகையையும் தந்துவிட்டார். இப்போது பின்னூட்டத்தைத் திருத்துமாறு ஈபே வழியாகவே கோரிக்கை அனுப்பியிருக்கிறார். பதிலளிக்க எனக்கு 10 நாள் அவகாசம் உண்டு.

அங்கே விற்பவர் எவரும் 2008 முதல் வாங்குபவருக்கு எதிர்மறைப் பின்னூட்டம் இட இயலாது என்பதால், நான் பதிலடிக்கு அஞ்ச வேண்டியதில்லை; அதனாலேயே என் பொறுப்பு கூடுவதாகத் தோன்றுகிறது. ஆனால் முழுப் பாராட்டாக மாற்றினால், பணம் வாங்கிக்கொண்டு வாய் மூடியதுபோல் ஆகிவிடாதா? நேர்மறையாக மாற்றி, விரிசல் இருந்ததையும் அவர் ஈடுசெய்ததையும் சேர்த்தே எழுதலாமா, அல்லது நடுநிலையாக மாற்றினால் போதுமா? குறிப்பாக, இணையத்தில் பழம்பொருள் விற்கும் அன்பர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.