டவுன் பஸ்ஸில் அம்மாவின் போனும் பர்ஸும் திருட்டு, முதலில் எதைச் செய்வது?

மதுரை_பிரபு:
வணக்கம். இன்று மதியம் அம்மா பெரியார் நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ்ஸில் வரும்போது, கூட்டத்தில் யாரோ கைப்பையின் ஜிப்பைத் திறந்து போனையும் சின்னப் பர்ஸையும் எடுத்துவிட்டார்கள். சாதாரண ஆண்ட்ராய்டு போன்தான், பேட்டர்ன் லாக் இருக்கிறது. ஆனால் பர்ஸில் ஏடிஎம் கார்டும் ஆதார் ஜெராக்ஸும் இருந்தன, அம்மாவின் பென்ஷன் அந்தக் கணக்கில்தான் வருகிறது. கூப்பிட்டுப் பார்த்தால் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டேஷனுக்குப் போனோம், "காணாமல் போனது என்று எழுதிக் கொடுங்கள், அதுதான் சுலபம்" என்கிறார்கள். அப்படி எழுதலாமா? அம்மா அழுதுகொண்டே இருக்கிறார், எதை முதலில் செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தல்லாகுளம்_வாசகி:
தம்பி, போனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சிம்மையும் கார்டையும் முடக்குங்கள். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பேட்டர்ன் லாக் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே போய்விடும். யுபிஐ பின்னை மாற்றுவதற்கு டெபிட் கார்டின் கடைசி 6 எண்களும் காலாவதித் தேதியும் ஓடிபியும் போதும், இல்லையென்றால் ஆதாரின் முதல் 6 எண்களை வைத்தும் மாற்ற வழி இருக்கிறது. உங்கள் அம்மா விஷயத்தில் சிம், கார்டு, ஆதார் மூன்றுமே ஒரே ஆள் கையில் இருக்கின்றன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போதே உங்கள் போனிலிருந்து சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி எண்ணை முடக்கச் சொல்லுங்கள். அடுத்த கால் வங்கிக்கு: கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, நேரத்தோடு எழுதி வையுங்கள். ஏற்கெனவே ஏதாவது பணம் போயிருந்தால் காத்திருக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள், சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தப்படும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. 2017 ஜூலையில் ஆர்பிஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நம் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நாம் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஓரளவு நாமும் ஏற்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். கிளையில் யாராவது "நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றால் இதைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். பின் நம்பரை அட்டையிலோ பர்ஸிலோ எழுதி வைத்திருந்தால் மட்டும் கதை வேறு, அம்மாவிடம் அதை மெதுவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனையூர்க்காரன்:
எழுதித் தராதீர்கள் பிரபு. திருடு போனதைத் திருடு போனது என்றுதான் எழுத வேண்டும். பஸ் வழித்தடம், ஏறிய இடம், நேரம், போன் மாடல், செல் எண், ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண், பர்ஸில் இருந்தவை எல்லாம் புகாரில் வரட்டும். பஸ்ஸில் நடந்தது என்பதால் "எங்கள் எல்லை இல்லை" என்று அடுத்த ஸ்டேஷனைக் காட்டுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் எந்த இடத்தில் நடந்த குற்றமாக இருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. சண்டை போட வேண்டாம், அதைப் பொறுமையாகச் சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். போனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் எஃப்ஐஆர் கேட்பார்கள்.

ரவி_73:
நான் சொல்வது கசப்பாக இருக்கும். போன போன் வராது, ஸ்டேஷனுக்கு அலைவதை விட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

செல்_சர்வீஸ்_அண்ணாநகர்:
ரவி சார், கிடைக்காது என்று விட்டுவிடக் கூடாது. சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசு தளம் 2023 மே மாதம் வந்தது, அதில் சிஇஐஆர் என்ற பகுதி இருக்கிறது. ஐஎம்இஐயைக் கொடுத்து முடக்கச் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது. யாராவது வேறு சிம் போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். அப்படி மீட்ட போன்களைக் காவல் துறையே கூட்டம் கூட்டி உரியவர்களிடம் ஒப்படைப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கிடைக்காமலே போனாலும் நம் போனை வைத்து யாராவது தப்பு செய்தால் நாம் காட்டுவதற்கு ஒரு புகார் இருக்க வேண்டும் அல்லவா?

பிரபு தம்பி, ஐஎம்இஐ என்பது 15 இலக்க எண். போன் பெட்டியில், பில்லில் இருக்கும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண், இரண்டையும் கொடுங்கள். பெட்டியை வீசிவிட்டீர்களென்றால் அம்மாவின் கூகுள் கணக்கில் நுழைந்து பாருங்கள், அங்கே சாதன விவரத்தில் கிடைக்கும். அதே கணக்கு வழியாகப் போனைத் தொலைவிலிருந்தே பூட்டவும் முடியும், ஆன் ஆகி இணையத்தில் சேர்ந்ததும் பூட்டிக்கொள்ளும். உடனே எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள், அழித்த பிறகு இடம் காட்டாது. இடம் காட்டினாலும் நீங்களே அங்கே போய் நிற்க வேண்டாம், ஸ்கிரீன் ஷாட்டைப் போலீசிடம் கொடுங்கள்.

சிஇஐஆரில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. அதற்கு அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபி பெற வேண்டும், ஆனால் புதுச் சிம் வேலை செய்யத் தொடங்கியதும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அது பாதுகாப்புக்காக வைத்த விதி. சிம் கெட்டுவிட்டது என்று பதறித் திரும்பவும் கடைக்கு ஓடாதீர்கள். வாட்ஸ்அப்புக்கு மட்டும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பு மூலம் கோடு கேட்கலாம். அதை இன்றே செய்துவிடுங்கள், சொந்தக்காரர்களிடம் "அவசரம், பணம் அனுப்பு" என்று யாரும் அம்மா பெயரில் கேட்க முடியாமல் போகும்.

மதுரை_பிரபு:
எல்லோருக்கும் நன்றி. கார்டும் சிம்மும் முடக்கியாகிவிட்டது, பணம் எதுவும் போகவில்லை. புகாரைத் திருட்டு என்றே எழுதி சிஎஸ்ஆர் வாங்கிவிட்டோம். சிம் அப்பா பெயரில் இருக்கிறது, அம்மா போய் வாங்கலாமா?

தல்லாகுளம்_வாசகி:
அப்பாதான் ஆதாரோடு நேரில் வர வேண்டும் தம்பி. அவரை அழைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது எண்ணை அம்மா பெயருக்கே மாற்றி வையுங்கள்.

செல்_சர்வீஸ்_அண்ணாநகர்:
"உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் பாஸ்வேர்டு போடுங்கள்" என்று மெசேஜ் வந்தால் யாரும் தொடாதீர்கள், கணக்குப் பூட்டைத் திறக்கத்தான் அப்படி அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு இப்போதைக்குப் பழைய போன் வாங்குவதாக இருந்தால், கடையில் நிற்கும்போதே *#06# அடித்து வரும் எண்ணை, கேஒய்எம் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு எழுதி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். முடக்கப்பட்ட போன் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு போன் கிடைத்தால், சிஇஐஆர் கொடுக்கும் விண்ணப்ப எண் இல்லாமல் முடக்கத்தை நீக்க முடியாது, அதை பில்லோடு சேர்த்து வையுங்கள்.