செரட்டோனின் கடத்தி: ஒரே குழியில் மருந்தும் செரட்டோனினுமா?

மருந்தியல் மாணவி:
நரம்புச் செல்களுக்கிடையே செய்தி சுமக்கும் செரட்டோனினைத் திரும்பச் செல்லுக்குள் இழுக்கும் புரதம்தான் செரட்டோனின் கடத்தி. எஸ்எல்சி6ஏ4 மரபணு உருவாக்கும் அதற்கு 630 அமினோ அமிலங்கள், அது செல் சவ்வை 12 முறை ஊடுருவுகிறது என்பதெல்லாம் மனப்பாடம். ஒன்றுதான் பிடிபடவில்லை. கடத்தியில் செரட்டோனின் அமரும் குழியிலேயே மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராமும் அமர்கிறது என்றால், கடத்தி அதையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டாமா? அந்தக் குழியில் ஓர் அமினோ அமிலம் மாறினால் இரண்டுக்கும்தானே கேடு?

பழைய ஆய்வகத்தான்:
இழுக்காது. சோடியம், குளோரைடு அயனிகளோடு செரட்டோனின் வந்து அமர்ந்ததும் கடத்தி வெளிவாசலை மூடும். பிறகுதான் உள்வாசல் திறக்கும். சிட்டலோபிராம் பருமனான மூலக்கூறு. குழியில் இறங்கிவிட்டால் வெளிவாசல் மூடாது, வேலை அத்தோடு நின்றுவிடும். 2016-இல் வெளியான, சிட்டலோபிராம் அமர்ந்த கடத்தியின் படிக அமைப்பை (எக்ஸ்-கதிரால் கண்ட முப்பரிமாண வடிவம்) தேடிப் பாருங்கள்: புரதம் வெளிப்பக்கம் வாயைத் திறந்தபடியே நிற்கிறது. குழிக்கு மேலே, வாசலிலேயே, இன்னொரு சிட்டலோபிராம்! அது கீழே இருப்பதை எளிதில் கழன்றுவர விடாது. இந்த இரண்டாம் இடத்தைப் பாடநூல் படங்களில் தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

அடுத்த கேள்விதான் சுவையானது. 172-ஆம் இடத்து ஐசோலூசினுக்குப் பதில் மெத்தியோனினை வைத்தால் செரட்டோனின் வழக்கம்போல் உள்ளே போகும். சிட்டலோபிராம், அதே வகை மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டின் இரண்டின் பிடியும் தளர்ந்துவிடும். சுண்டெலிகளிலேயே இந்த மாற்றத்தைப் புகுத்திக் காட்டியிருக்கிறார்கள். 98-ஆம் ஆஸ்பார்டிக் அமிலத்தை நைட்ரஜனால் பற்றுவது மருந்துக்கும் செரட்டோனினுக்கும் பொது. மற்றபடி பருத்த மருந்து குழியின் வேறு சுவர்களிலும் சாய்ந்து நிற்கிறது, 172-ஆம் இடம் மாறும்போது கேடு அங்கேதான்.

புதியவன்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் தம்பியின் மரபணு அறிக்கையில் இதே மரபணுவுக்குக் 'குட்டை வகை' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் மாத்திரை குழியில் ஒட்டாதா, ஐயா?

பழைய ஆய்வகத்தான்:
ஒட்டும். குட்டை, நெட்டை என்பது டிஎன்ஏவில் 44 கார இணைகளின் வேறுபாடு. அது இருப்பது புரதத்தின் வடிவத்தை எழுதும் பகுதியில் அல்ல, மரபணுவை முடுக்கிவிடும் ஊக்கிப் பகுதியில். கடத்தி எவ்வளவு உருவாகிறது என்பதை அது கூட்டலாம், குறைக்கலாம். குழியின் வடிவத்தைத் தொடாது. மனச்சோர்வோடு இதை இணைத்த 2003 ஆய்வு பெரும் பரபரப்பாயிற்று. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. இந்த ஒரு வரியைப் பார்த்துத் தம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அறிக்கையில் சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் நொதியின் மரபணு வரி இருக்கிறதா? சிட்டலோபிராமைக் கல்லீரல் சிதைக்கும் வேகம் பெரிதும் அதைப் பொறுத்தது. மருத்துவரிடம் காட்ட வேண்டியது அந்த வரியைத்தான்.