புதுப்பிப்பு: பெரிய டெக் கம்பெனிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேனே

ஸ்டார்ட்அப்பை விட்டு பெங்களூரில் ஒரு பெரிய அமெரிக்க கம்பெனிக்குப் போகலாமா என்று போன வருஷம் கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். சம்பளம் நன்றாக இருக்கும் என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் கம்பெனிப் பங்குகளின் விவரத்தை யாரும் சொல்லவில்லையே! 4 வருஷத்துக்குப் பிரித்துத் தருகிறார்கள். முதல் தவணைக்கே ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். கைக்கு வரும் அன்றே சம்பளமாகக் கணக்கிட்டு வரி, அதற்காகவே ஒரு பகுதி பங்கு விற்றுப்போகும். மிச்சத்தை விற்காமல் வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டியாக வேண்டும். நல்ல ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலையா? ஒரு பட்டனில் உள்ள வார்த்தையை மாற்ற டிசைன், சட்டப் பிரிவு, மொழிபெயர்ப்பு என எல்லோரும் தலையாட்ட வேண்டும். எரிச்சல்தான். ஆனால் நான் எழுதும் புரோகிராம் கோடுக்கு எங்கள் சீனியர் எழுதும் ரிவ்யூ குறிப்புகளுக்காகவே இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் போலிருக்கிறது.