கையால் தீட்டும் நகை டிசைன்: தங்கம் தங்கமாகவே தெரியவில்லை

மாங்காய்மாலை:
எல்லோருக்கும் வணக்கம். நான் கம்ப்யூட்டரில் ரைனோ என்ற மென்பொருளை வைத்து நகை டிசைன் படித்தவள். இப்போது சேர்ந்திருக்கும் இடத்தில் வாடிக்கையாளரிடம் காட்டக் கையால் கலர் தீட்டிய படம் கேட்கிறார்கள். கெம்பு அட்டிகை ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். நடுவில் மயில் பதக்கம், இரண்டு பக்கமும் மாங்காய், கீழே முத்துத் தொங்கல். சாம்பல் நிறக் கான்சன் தாள், குவாஷ் கலர் (தண்ணீரில் கரைத்து, அடி தெரியாமல் பூசுவது). கோடு நன்றாக வருகிறது. தங்கம்தான் கடுகை அரைத்துப் பூசியதுபோல இருக்கிறது. வெள்ளை சேர்த்தால் வெளிறிவிடுகிறது. கெம்பில் வெள்ளை கலந்தால் ரோஸாகிவிடுகிறது. எந்தக் கலர் வாங்கினால் சரியாக வரும்?

தூரிகை_கோவை:
புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்மா. யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், லெமன் யெல்லோ, பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு, வெள்ளை, இந்த நாலு இருந்தால் தங்கத்துக்குப் போதும். உங்கள் படத்தில் மஞ்சள் அதிகம், இருட்டு குறைவு என்று நினைக்கிறேன். பளபளப்பான உலோகத்தில் நல்ல இருட்டும் நல்ல வெளிச்சமும் ஒட்டி ஒட்டி இருக்கும். நடுத்தர மஞ்சளையே எல்லா இடத்திலும் நிரப்பினால் பெயின்ட் அடித்த தகடாகத்தான் தெரியும்.

முதலில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். நகைப் படத்தில் மேல் இடது மூலையிலிருந்து, 45 டிகிரியில் வரும் என்பது வழக்கம். பதக்கத்துக்கு ஒரு பக்கம், தொங்கலுக்கு இன்னொரு பக்கம் என்று மாறவே கூடாது.

ஒரு மாங்காயை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓக்கரில் துளி லெமன் கலந்து முழுக்க ஒரே சீராகப் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் கீழ் வலது பக்கம் அம்பர். அதை ஓரம் வரை கொண்டுபோய்விடாதீர்கள். ஓரத்தில் மயிரிழை அளவு அடி மஞ்சளை விட்டுவையுங்கள். பக்கத்துப் பரப்பிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் அங்கேதான் விழும். அந்த ஒரு இழைதான் மாங்காயை உருட்டிக் காட்டும். மேல் இடதில் லெமனும் வெள்ளையும் கலந்து ஒரு பட்டை, அதற்குள்ளே சுத்த வெள்ளையில் ஒரு கீற்று. வெள்ளையை அடிக் கலரோடு கலந்து தேய்ப்பதால்தான் வெளிறுகிறது. கடைசியில், 000 என்ற மிக மெல்லிய தூரிகையில், தொட்டு எடுத்தால் போதும்.

மாங்காய் உள்பக்கம் குழிந்திருந்தால் எல்லாம் தலைகீழ். இருட்டு மேல் இடதில், வெளிச்சம் கீழ் வலதில். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

கெம்புக்கு வருவோம். அது பின்புறம் மூடி, அடியில் மினுங்கும் தகடு வைத்துப் பதிக்கிற கல். மேலே விழும் வெளிச்சம் உள்ளே போய், எதிர்ப்பக்கம் தெரியும். அதனால் கார்மைன் என்ற ஆழ்ந்த சிவப்பைப் பூசி, மேல் இடதை இன்னும் ஆழமாக்கி, கீழ் வலதில் ஸ்கார்லெட் போன்ற ஆரஞ்சு கலந்த சிவப்பை வையுங்கள். வெள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. மேல் இடதில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. பட்டை தீட்டிய கல்லுக்கும் நடுமேசையில், அதாவது மேலே தட்டையாக இருக்கும் பெரிய பட்டையில், இதே கணக்குதான்: மேல் இடது இருட்டு, கீழ் வலது வெளிச்சம்.

குவாஷ் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும். இரண்டாவது பூச்சைப் போட்டதும் தூரிகையை எடுத்துவிடுங்கள், மேலே மேலே தேய்க்க வேண்டாம். உங்களுடையது கான்சனில் மி-தான்த் என்ற ரகத் தாளா? அதில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழுவழுப்பு. வழுவழுப்பான பக்கத்தில் தீட்டுங்கள்.

முடிந்தால் லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்னால்ட் லல்ஸின் நகைப் படங்களை இணையத்தில் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து அரச குடும்பத்துக்காகத் தீட்டியவை. வைரத்தைக் கறுப்பாகவே தீட்டியிருப்பார், ஆனாலும் வைரமாகத் தெரியும். எனக்கு அலுக்காத படங்கள் அவை.

ஊதுகுழல்:
பட்டறையில் உட்காருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அக்கா சொன்ன குழிவு விஷயம் எங்களுக்கு உயிர். புடைப்பா குழியா என்று படத்தைப் பார்த்ததும் தெரிந்தால் தகட்டை எந்தப் பக்கம் தட்டுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம், அளவு. படம் நகையின் உண்மை அளவிலேயே இருக்கட்டும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஓரமாக ஒரு பக்கவாட்டுப் படம் வேண்டும், கலர் தேவையில்லை, பென்சில் போதும். தகடு எத்தனை மில்லி, கல் எவ்வளவு உயரம் நிற்கிறது, கொக்கி எங்கே வருகிறது என்று அதில்தான் தெரியும். எடையும் அதிலிருந்தே போடலாம். 22 காரட் தங்கம் ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 17.7 கிராம். அரை மில்லி தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் 0.9 கிராம் வரும். பத்து சதுர சென்டிமீட்டர் என்றால் ஒரு சவரனைத் தாண்டிவிட்டது. வாடிக்கையாளர் மூன்று சவரனுக்குள் கேட்டிருந்தால் மயிலின் தோகையை எங்கே நிறுத்துவது என்று வரையும்போதே தெரிந்துவிடும்.

மாங்காய்மாலை:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஒரு மாங்காயை மட்டும் தனியாகத் தீட்டிப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள் இழையை விட்டதும் உருண்டு நிற்கிறது! இன்னொரு சந்தேகம். இடது பாதியை டிரேசிங் தாளில் வரைந்து, மடித்து வலது பாதியை எடுத்தேன். கலரையும் அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றிப் போடலாமா?

தூரிகை_கோவை:
கோட்டை மட்டும்தான் மடிக்கலாம்மா. வெளிச்சம் இரண்டு பாதிக்கும் அதே மேல் இடதிலிருந்துதான் வருகிறது. வலப்பக்க மாங்காய் திரும்பி நின்றாலும் அதன் இருட்டு கீழ் வலதில்தான் விழும். முத்துகளைக் கடைசிக்கு வையுங்கள். சாம்பல் தாளே பாதி வேலையைச் செய்துவிடும், மெல்லிய வெள்ளைப் பூச்சும் மேலே ஒரு புள்ளியும் போதும்.