மாயாபஜார் கல்யாணப் பொண்ணு வத்சலாவா, சுந்தரியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கேள்வி (பென்னாகரம்):
வணக்கங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவோட உக்காந்து 1957ல வந்த மாயாபஜார் பாத்தேன். எத்தனையாவது தடவைன்னு கணக்கே இல்ல. இந்தத் தடவ பாதியில அப்பா, "கதைய மாத்திட்டாங்கடா. பொண்ணு பேரு சுந்தரி, கிருஷ்ணனோட மக. நான் விடிய விடிய கூத்துல பாத்திருக்கேன்"னு அடிச்சுச் சொல்றாரு. படத்துல அவ வத்சலா, பலராமன் மக. எது சரிங்க?

இன்னொண்ணும் இருக்கு. கல்யாணம் அர்ச்சுனன் மகனுக்கு. ஆனா அர்ச்சுனன் ஒரு காட்சியிலகூட வரல. பீமன், தருமர் யாருமே இல்ல. யூடியூப்ல நான் பாத்ததுல எதையாவது வெட்டிட்டாங்களா?

பதில் (ஊத்தங்கரை):
வெட்டல தம்பி. பாண்டவங்க அஞ்சு பேரும் அந்தப் படத்துல முகமே காட்ட மாட்டாங்க. சூதுல எல்லாம் போன பிறகு நடக்கற கதை அது. அவங்க இல்லாததுதான் கதைக்கே அச்சாணி. வசதியா இருந்தப்ப சம்மதிச்ச பலராமன் பொண்டாட்டி ரேவதிக்கு, எல்லாம் போனதும் நாத்தனார் மகன் கசந்துடறான்.

பதில் (மொரப்பூர்):
உங்கப்பா சொல்றது தப்பே இல்லைங்க. எங்க பக்கம் திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் வச்சா 18 நாள். பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில மண்ணால துரியோதனனைப் படுக்க வச்சு படுகளம். கூத்துல அபிமன்யுவுக்குப் பொண்ணு சுந்தரிதான். புகழேந்திப் புலவர் பேர்ல வழங்கற அபிமன்னன் சுந்தரி மாலையும் அதே பேரைத்தான் சொல்லுது.

பதில் (ஓசூர்):
எங்க வீட்ல தெலுங்கு. தெலுங்குப் படத்துல அதே பொண்ணு சசிரேகா. ரெண்டுலயும் சாவித்திரிதான். பீமன் மகன் கடோத்கஜன் மாயத்தால அந்தப் பொண்ணு உருவம் எடுத்து வருவான் இல்ல, வெளியில மணப்பொண்ணு, உள்ளுக்குள்ள கடோத்கஜன்! அந்த நடையும் முறைப்பும், ஐயோ, இன்னிக்கும் அதுக்காகவே பாக்கறேன்.

பதில் (மொரப்பூர்):
வியாசர் பாரதத்துல வத்சலாவும் இல்ல, சுந்தரியும் இல்ல. விராடன் மக உத்தரை ஒருத்திதான், பரீட்சித்தோட அம்மா. மத்த பேரெல்லாம் நம்ம ஜனங்க ஆசையா சேத்துக்கிட்டது.

ஆனா படத்துக்குப் பலராமன் மகளா இருந்தாதான் சரிப்படும். கிருஷ்ணன் பொண்ணுக்கு அப்பனாயிட்டா, அபிமன்யுவுக்குக் குடுத்த வாக்கை மாத்தி துரியோதனன் மகனுக்குப் பொண்ணு தர ஒத்துக்கிட்டவனும் அவனே ஆயிடுவான். அப்புறம் பின்னால இருந்து சூத்திரம் இழுக்கறது யாரு? பலராமன் வெள்ளந்தி, கோபக்காரன். துரியோதனனுக்கு கதாயுதம் சொல்லிக்குடுத்த குரு வேற. சிஷ்யன் கால்ல விழுந்து பொண்ணு கேட்டா மனசு இளகத்தானே செய்யும்? சகுனி உள்நோக்கத்தோட வர்றான்னு அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில, மேல நின்னா உண்மையை மட்டும் பேச வைக்கற அந்தச் சத்திய பீடத்து மேல நின்னு சகுனி தன் வாயாலயே உளறும்போது பலராமன் முகத்தைப் பாருங்க. அப்பன் ஏமாந்திருந்தாதான் அந்த இடம் அப்படி உறைக்கும்.

கேட்டவர் (பென்னாகரம்):
ரொம்ப நன்றிங்க. எல்லாத்தையும் அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "சுந்தரி உண்டுன்னு சொல்லிட்டாங்கல்ல"ன்னு அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் சின்னப் பையனா இருந்தப்ப, கடோத்கஜன் வேஷம் பந்தத்தோட ஆடிக்கிட்டு வரும்போது பயந்துபோய் பாட்டி முந்தானைக்குள்ள புகுந்துக்குவாராம். அதைச் சொல்லும்போதே கை ரெண்டையும் முகத்துக்கு முன்னால கொண்டுபோயிட்டாரு.

வர்ற சித்திரை, வைகாசியில தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எங்கயாவது அபிமன்யு கல்யாணம் கூத்து வச்சா சொல்லுங்க. அவருக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, பாய் போட்டு முன்னாடியே உக்கார வைக்கணும்.