டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை: பம்புக்கு கிட் போடுவதா, எலக்ட்ரிக் பம்புக்கு மாறுவதா?

நாலு_சிலிண்டர்:
கார்புரேட்டர் வண்டி, கேம்ஷாஃப்டில் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஓடும் பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். மேடு ஏறும்போது திணறுகிறது. டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) பெட்ரோல் வாசனை. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ரிப்பேர் கிட் (பம்புக்குள் மாற்றும் டயாஃப்ரம், வால்வு) போட்டால் போதுமா? அல்லது பழையதை அப்படியே விட்டுவிட்டு, டேங்க் பக்கம் எலக்ட்ரிக் பம்ப் மாட்டலாமா?

கேம்_லோப்:
முதல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க சார். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணியா இருக்கும், பேரிங் தேஞ்சுடும். ஆயிலை வடிச்சு ஃபில்டரோட மாத்துங்க. வடிச்சதுலயும் பெட்ரோல் இருக்கு, பக்கத்துல நெருப்பு கூடாது.

பம்புதான் காரணம்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. கார்புரேட்டர் நீடில் வால்வு (பெட்ரோல் நிரம்பினதும் வழியை அடைக்கிற ஊசி) மூடாம வழிஞ்சாலும் பெட்ரோல் இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டிக்கு, அதாவது சம்புக்குத்தான் போகும். பம்பைக் கழற்றி, இன்லெட்டை விரலால அடைச்சுக்கிட்டு ஆர்மை (கேம்ஷாஃப்ட் தள்ளுற கை) ரெண்டு தரம் அழுத்துங்க. விரலை நல்லா இழுத்து, சில நொடியாவது பிடிச்சிருக்கணும். பிடிக்கலைன்னா டயாஃப்ரமோ (பெட்ரோலை இழுத்துத் தள்ளுற ரப்பர் தகடு) வால்வோ போயிருக்கு. ஆர்ம் இருக்கிற கீழ்ப்பாதி பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சாச்சு.

பழைய_கேஸ்கெட்:
கிட் போடுவதாக இருந்தால், பிரிக்கும் முன் மேல்பாதி, கீழ்பாதி இரண்டின் விளிம்பிலும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு போடுங்கள். இல்லாவிட்டால் இன்லெட் திசை மாறிவிடும். வால்வு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் உட்காரும். படம் எடுத்து வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், அதனால் எத்தனால் தாங்கும் டயாஃப்ரம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. சுற்று ஸ்க்ரூக்களை முதலில் கையால் மட்டும் திருகி, ஆர்மை முழுதாக அழுத்திப் பிடித்தபடியே எதிரெதிராக இறுக்க வேண்டும். ஆர்மை விட்ட நிலையில் இறுக்கினால், ஒவ்வொரு அடிக்கும் (ஸ்ட்ரோக்) டயாஃப்ரம் விளிம்பில் இழுபட்டுச் சீக்கிரம் கிழியும்.

இன்ஜினில் மாட்டும்போது லோபின் (ஆர்மைத் தள்ளும் கேம்ஷாஃப்ட் மேடு) தாழ்ந்த பக்கம் ஆர்முக்கு எதிரே வரும்படி கிராங்கைத் திருப்பிக்கொள்ளுங்கள், போல்ட் இலகுவாகப் பிடிக்கும். ஆர்ம் லோபுக்குச் சரியான பக்கத்தில் உட்காராமல் போல்டால் இழுத்தால் ஆர்ம் வளையும், பம்பின் காது உடையும். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் தடித்த ஸ்பேசரைத் தூக்கிப் போடாதீர்கள். இன்ஜின் சூட்டைத் தடுப்பதும் ஆர்மின் அடியளவைத் தீர்மானிப்பதும் அதுதான். தடிமன் கூடினால் பெட்ரோல் குறையும். குறைந்தால் டயாஃப்ரம் அளவுக்கு மீறி இழுபடும்.

கேம்_லோப்:
இன்னொண்ணு. கையால பம்ப் பண்ற லீவர் லொடலொடன்னு இருந்தா, பம்ப் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. லோப் ஆர்மைத் தள்ளிப் பிடிச்சிருக்கும். கிராங்கை ஒரு சுத்து திருப்பிட்டுப் பாருங்க.

நாலு_சிலிண்டர்:
கீழ்ப்பாதி நனைந்துதான் இருக்கிறது. அப்படியானால் எலக்ட்ரிக் வேண்டாமா?

பழைய_கேஸ்கெட்:
மாட்டலாம். ஆனால் கிழிந்த பம்பை லைனில் வைத்துக்கொண்டு மட்டும் கூடாது. எலக்ட்ரிக் பம்ப் தள்ளுகிற பெட்ரோல் அந்தக் கிழிசல் வழியே நேராக சம்பில் இறங்கும், முன்னைவிட வேகமாக. பழையதை எடுத்துவிட்டு இன்ஜினில் அது இருந்த வாயைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடுங்கள். பம்பை டேங்க் அருகே, டேங்கைவிடத் தாழ்வாக வையுங்கள். இவை தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சுமார். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் கூடவே கூடாது, அந்த அழுத்தத்தில் நீடில் வால்வு நிற்காது. கார்புரேட்டர் பலவற்றுக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், உங்கள் மேனுவலில் உள்ள அளவே முடிவு. ஃப்யூஸ், ரிலேயோடு, இன்ஜின் நின்றால் பம்பையும் நிறுத்தும் ஆயில் பிரஷர் ஸ்விட்சும் சேருங்கள். மோதலில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடினால், அறுந்த ஓஸ் வழியே பெட்ரோல் கொட்டும்.

எதை மாட்டினாலும், கார்புரேட்டருக்கு முன் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு கேஜில் அழுத்தம் பாருங்கள். சில நாள் ஓட்டிவிட்டு டிப்ஸ்டிக்கை மறுபடி முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் திரும்ப ஏறினால், அடுத்துப் பிரிக்க வேண்டியது கார்புரேட்டரில் நீடில் வால்வு இருக்கும் ஃப்ளோட் சேம்பரை.